பத்தொன்பதாம் அறை

பச்சை எஞ்சினுக்கு விளக்கு எரிந்தது. நகர மட்டும் மாட்டேன் என்றது.

லிஃப்ட் மெக்கானிக் கையிலிருந்த ரயில் கன்ட்ரோலரில் மறுபடியும் 24 என்று அடித்து வேகக் குமிழைத் திருகினார். 24 அந்த எஞ்சினின் எண். விளக்கைப் போடு என்றால் போட்டது, அணை என்றால் அணைத்தது. நட என்றால் மட்டும் காது கேட்காத மாதிரி நின்றது.

பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் நடுவழியில் நின்றுபோன லிஃப்டை இருபது நிமிடத்தில் இறக்கிக் கொடுப்பவர் அவர். சாண் நீளப் பொம்மை எஞ்சின் ஒன்று காலையிலிருந்து அவரைச் சாப்பாட்டு மேசையை விட்டு எழ விடவில்லை.

மனைவி கல்யாணப் பத்திரிகையை எடுத்து அவர் முன்னால் போட்டாள். "ஏங்க, நாளைக்குக் காலையில கல்யாணம். போறமா இல்லையா? பெரியப்பா எங்கன்னு பொண்ணு கேட்டா நான் என்ன சொல்றது?"

"இதுல அவன் என்ன பண்ணி வச்சிருக்கான்னு முதல்ல தெரியட்டும்."

அவன் என்றால் தம்பி. மணப்பெண்ணின் அப்பா.

மூன்று வருடத்துக்கு முன் அப்பாவின் வீட்டை விற்றபோது, மாடி அறை முழுக்க அண்ணனும் தம்பியும் போட்டு வைத்திருந்த பொம்மை ரயில் பாதையையும் பிரிக்க வேண்டி வந்தது. பச்சை எஞ்சின் அண்ணனுக்கு, சிவப்பு தம்பிக்கு. பச்சையைத் தம்பிதான் துணி சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து தண்டவாளத்தில் ஏற்றினால் விளக்கு எரிகிறது, வண்டி நகரவில்லை. வேண்டுமென்றே கெடுத்துக் கொடுத்திருக்கிறான் என்று அன்றைக்கே முடிவு கட்டினார். பெட்டியை மூடினார். தம்பியோடு பேச்சையும் நிறுத்தினார்.

ஏன் என்று தம்பிக்குச் சொல்லவும் இல்லை. என்ன செய்தோம் என்று செய்தவனுக்குத் தெரியாதா?

பிறகொரு நாள் பொம்மை ரயில் சங்கத்து நண்பர் ஒருவர், தம்பியின் சிவப்பு எஞ்சினும் நகராமல் நிற்கிறதாம் என்று சொன்னார். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு மெக்கானிக் இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

இன்று குற்றத்தை நிரூபித்தே தீருவது என்று உட்கார்ந்திருந்தார். நிரூபித்துவிட்டால் கல்யாணத்துக்குப் போக வேண்டியதில்லை.

சக்கரங்களை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். நகரவில்லை. மோட்டாரைக் கழற்றி பேட்டரியில் தொட்டார், ஜோராகச் சுற்றியது. திரும்ப மாட்டினார், நகரவில்லை. ஒயர் ஒன்றாவது அறுந்திருக்கும் என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். ஒன்றும் அறுந்திருக்கவில்லை. கெடுக்கிறதையும் இத்தனை சுத்தமாகவா கெடுப்பான், சனியன்!

மிச்சம் இருந்தது டிகோடர். எஞ்சின் வயிற்றுக்குள் நகத்தளவு சிப்பு. அதற்குள் வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு எண். வண்டி எப்படி நடக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த எண்களில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிட்டால் ஓடினாலும் ஓடும். ஆனால் சாட்சியும் சேர்ந்து அழிந்துபோகும்.

ஆகவே ஒரு முழத் தண்டவாளத்தைத் தனியாகப் போட்டு, எஞ்சினை அதில் ஏற்றி, ஒவ்வோர் அறையாகப் படிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பதிலுக்கும் அது விக்கல் எடுத்தது போல் ஒரு துள்ளு துள்ளியது. துள்ளத் தெரிகிறது, நடக்கத் தெரியவில்லை! அவருக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஒன்றாம் அறையில் 24, சரி. இரண்டு சரி, மூன்று சரி. நாலாவது அறை மூன்று தடவை பதில் இல்லை என்று சொல்லிவிட்டு நாலாவது தடவை போனால் போகிறதென்று சொன்னது.

பத்தொன்பதில் சைபர் இருக்க வேண்டும். 71 இருந்தது.

"மாட்டினான்!" என்று மேசையைத் தட்டினார். மனைவி ஓடி வந்தாள்.

தட்டிய கை அப்படியே நின்றது.

71 அப்பா வீட்டின் கதவு எண்.

பத்தொன்பது ஜோடி அறை. ஒரே ரயிலை இரண்டு எஞ்சின்கள் சேர்ந்து இழுக்க வேண்டுமானால், இரண்டிலும் ஒரே எண்ணை அங்கே எழுதுவார்கள். அதன் பிறகு சொந்த எண்ணைச் சொன்னால் விளக்கு மட்டும் எரியும். ஜோடி எண்ணைச் சொன்னால்தான் வண்டி நடக்கும். பிரிக்கும்போது இரண்டிலும் சைபர் எழுதிவிட வேண்டும்.

வீடு விற்பதற்கு முந்தின வாரம் சங்கத்தின் கண்காட்சி. பதினாறு பெட்டிகள், ஒற்றை எஞ்சின் இழுக்காது. பச்சையையும் சிவப்பையும் ஜோடி சேர்த்தார்கள். நான் எழுதட்டுமா என்று தம்பி கன்ட்ரோலருக்குக் கை நீட்டினான். கைய எடுடா, எல்லாத்தையும் கெடுத்துருவ என்று அந்தக் கையைத் தட்டிவிட்டது மெக்கானிக்குக்கு இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. அந்தக் கன்ட்ரோலரை அவர் யாரையும் தொட விட்டதில்லை. 71 எழுதியதும் அவர், சைபர் எழுத மறந்ததும் அவர்.

எஞ்சினை நீளப் பாதையில் வைத்து 71 என்று அடித்தார். பச்சை எஞ்சின் மேசையின் அந்தக் கோடிவரை சத்தமில்லாமல் போய் நின்றது.

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பத்திரிகையை எடுத்துப் பார்த்தார். மேல் ஓரத்தில் தம்பி பேனாவால் எழுதியிருந்தான், அண்ணா கட்டாயம் வரணும் என்று.

சாயங்காலம் மனைவி துணிகளை அடுக்கிக்கொண்டிருந்த பையில், அவளுடைய பட்டுப் புடவைக்கும் அவருடைய வேட்டிக்கும் நடுவில், கன்ட்ரோலரையும் ஒரு முழத் தண்டவாளத்தையும் கொண்டுவந்து வைத்தார்.

"கல்யாணத்துக்கு இது எதுக்குங்க?"

"அங்க ஒரு வண்டி மூணு வருஷமா நிக்குது. நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்."