எட்டடி நிலை

“எட்டடியா? இது வீட்டு நிலையா, தேர் போற வாசலா?”

குட்டியானை வண்டியிலிருந்து இறக்கிய வேப்பமர நிலையை மூன்றாவது முறையாக டேப் வைத்து அளந்தார் என்ஜினியர் சூர்யபிரகாஷ். மூன்று முறையும் டேப் ஒரே பதிலைத்தான் சொன்னது.

“வூட்டு நிலைதான் சார். நான்தான் பட்டறையில சொல்லி எட்டடியா செய்யச் சொன்னேன்” என்றாள் கண்ணாத்தாள். நிலை வைக்கும் நாள் என்பதால் புதுப்புடவை கட்டியிருந்தாள்.

குத்தாலம் பக்கத்தில் அந்தத் தெருவுக்கே அதுதான் முதல் மாடி வீடு. சிங்கப்பூரில் இருக்கும் மகன் வளவன் கட்டுகிறான். எல்லோரும் கட்டுகிற தீப்பெட்டி வீடாக இருக்கக் கூடாது என்று சூர்யபிரகாஷ் ராப்பகலாக உட்கார்ந்து வரைந்திருந்தார். நடுவில் மழை இறங்கும் முற்றம், தூணே இல்லாமல் நீட்டி நிற்கும் கான்டிலீவர் பால்கனி, மாடிப்படிக்கு மேல் கண்ணாடி போட்ட ஸ்கைலைட். தஞ்சாவூரில் அந்தப் படத்தை அவர் காட்டாத நண்பர் பாக்கியில்லை. அப்பேர்ப்பட்ட படத்தில்தான் இந்த நிலை வந்து இடித்தது.

“அம்மா, வாசலுக்கு மேல போடற கான்கிரீட் லிண்டல் ஏழடியில வருது. கதவு, ஜன்னல் எல்லாம் மேல ஒரே மட்டத்துல இருக்கணும். இது மட்டும் ஓரடி தூக்கிக்கிட்டு நின்னா வீட்டு முகப்பு, எலிவேஷனே கெட்டுரும். பட்டறைக்கு அனுப்பி ஓரடி அறுத்துடலாம்.”

“அறுக்கறதா?” கண்ணாத்தாள் ஓடிவந்து நிலைமேல் கை வைத்துக்கொண்டாள். “சார், பால்கனி வேணாமா, வேணாம். கண்ணாடி வேணாமா, வேணாம். எனக்கு இந்த வூட்டுல இருக்கற ஒரே ஆசை இதுதான். இதுல கை வெக்காதீங்க.”

கொத்தனார் இளையபெருமாள் செல்போனில் மணி பார்த்தார். சுவர் இடுப்பளவுக்கு எழும்பி நின்றது. மஞ்சளும் குங்குமமும் நவதானிய முடிச்சும் தாம்பாளத்தில் தயாராக இருந்தன.

“சார், நல்ல நேரம் பத்தரையோட முடியுது. வெக்கிறதா, அறுக்கிறதா? ஒண்ணு சொல்லுங்க.”

சூர்யபிரகாஷ் வளவனுக்குப் போன் போட்டார். “அம்மா சொல்றதுதான் சார்” என்று ஒரே வரியில் அவன் வைத்துவிட்டான்.

“சரிம்மா. எதுக்கு எட்டடி? அதையாவது சொல்லுங்க.”

“எங்க வூட்டுக்காரருக்கு சார். அவரு குனியாம உள்ள வரணும்.”

சூர்யபிரகாஷின் முகம் மாறியது. வீட்டுக்காரர் கோவிந்தராசுவை அவர் பார்த்ததே இல்லை. திருப்பூர் மில்லில் வாட்ச்மேன். கடைக்கால் போட்டதற்குக்கூட லீவு கிடைக்காமல், இன்றைக்குத்தான் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார்.

“ரொம்பத் தலை இடிக்குமோ அவருக்கு?”

“இடிச்சு இடிச்சு நெத்தியில தழும்பே விழுந்துருக்கு சார். கல்யாணமான புதுசுல மஞ்சப்பத்து போடறதே எனக்கு வேலை.”

“இதை முதல்லயே சொல்ல மாட்டீங்களா?”

ஆறரை அடி ஆளாவது இருப்பார். மில் வாட்ச்மேன் என்றால் அப்படித்தானே எடுப்பார்கள்! சூர்யபிரகாஷ் பிளானை விரித்துப் பென்சிலை எடுத்தார்.

“அப்ப நிலை மட்டும் போதாது. ஷவரை ஓரடி ஏத்தணும். வாஷ்பேசினையும் ஏத்தணும். பரண்ல தலை முட்டும்...”

“அதெல்லாம் வேணாம் சார். நிலை போதும்.”

“சும்மா இருங்கம்மா. வீடுன்னா ஆளுக்கு ஏத்த மாதிரி இருக்கணும்.”

லிண்டலை எட்டடிக்குத் தூக்கினார். ஜன்னல்களையும் கூடவே இழுத்துவிட்டார். வரைந்து பார்த்தால் எலிவேஷன் முன்பைவிட எடுப்பாக இருந்தது. அதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நாலு பேர் தூக்கி நிலையை நிறுத்தினார்கள். இளையபெருமாள் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார். மேல்சட்டத்துக்குக் குங்குமம் வைக்கக் கண்ணாத்தாள் ஸ்டூலில் ஏற வேண்டியிருந்தது. ஏறியவள் சீக்கிரம் இறங்கவில்லை. “எவ்வளவு ஒசரம் பாருங்கடி!” என்று அங்கிருந்தே தெருப்பெண்களிடம் சொன்னாள். அவர்கள் குலவையிட்டார்கள்.

“வீட்டுக்காரர் முதல்ல நுழையணுமே, எங்க ஆளு?” என்றார் இளையபெருமாள்.

பஸ் வந்து நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. ஒரு பையை நெஞ்சோடு அணைத்தபடி வேகமாக ஒருவர் வந்தார். சூர்யபிரகாஷ் அவர் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பின்னால் யாருமே இல்லை.

“ஐயா வரலையாம்மா?”

“இவருதான் சார்!”

ஐந்தடி இருந்தால் அதிகம். சூர்யபிரகாஷின் தோளுக்குத்தான் வந்தார் கோவிந்தராசு. என்ஜினியருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றினார். வலது காலை எடுத்து வைத்தார். தலைக்கு மேல் மூன்றடி காலியாகக் கிடந்தது. அப்படியும் நெற்றித் தழும்பை ஒரு கையால் மூடிக்கொண்டு, இடுப்பு வரை குனிந்துதான் அந்த நிலைக்குள் நுழைந்தார்.

“பாத்தீங்களா சார்?” என்றாள் கண்ணாத்தாள். “நாலடிக் குடிசை வாசல்ல அம்பது வருசமா குனிஞ்ச மனுசன். இவருக்கு ஏழடி எப்படிப் பத்தும்? ஏங்க, திரும்பிப் போங்க. மேல பாத்து, நல்லா நிமிந்து வாங்க. இது நம்ம வூடு!”

கோவிந்தராசு திரும்பிப் போய், அண்ணாந்து பார்த்தபடி மறுபடியும் உள்ளே வந்தார். சூர்யபிரகாஷ் ரப்பரை எடுத்து ஷவரையும் வாஷ்பேசினையும் பழையபடி கீழே இறக்கினார். எட்டடியை மட்டும் தொடவில்லை.