இடக்கை

அந்தச் சிறுமியின் கவுன் நீலமா பச்சையா என்பதில் தம்பிக்கு இன்றும் தடுமாற்றம்தான். மற்றதெல்லாம் கண்ணிலேயே நிற்கிறது. கண்காட்சியின் இருட்டறையில், அவன் செய்த திரையின் முன் அக்கா நிற்கிறாள். எதிரே நிற்பவரின் கை இருக்கும் விதத்தைப் பார்த்து, இல்லாததை இட்டு நிரப்பும் திரை அது. வெறுங்கையைத் தூக்கினால், திரையில் தெரியும் நம் உருவத்தின் கையில் குடை முளைக்கும். அக்கா எதையும் தூக்கவில்லை. மகள் இறந்த பிறகும், அவளைப் பிடித்து நடந்த பழக்கத்தில், அக்காவின் இடக்கை சற்று விலகி, விரல் மடங்கித் தொங்குகிறது. திரையில் அந்த விரலைப் பிடித்தபடி ஒரு சிறுமி. முகம் யாருடையதோ. "ஐயோ, இது எனக்குத் தோணாமப் போச்சே... அணைச்சிடறேன்க்கா." "சும்மா இருடா." அக்கா கையை மெல்ல உயர்த்துகிறாள். சிறுமியும் உயர்கிறாள். "வளந்துட்டா பாரு."

கண்காட்சி முடிந்ததும் திரையைக் கழற்றிவிட்டார்கள். தம்பி அதை மறுபடி மாட்டவில்லை. அக்கா நடக்கும்போது, இடக்கையை முன்னைவிடச் சற்று உயர்த்தியே வைத்திருக்கிறாள்.