வலி கூடினால் கதவு திறக்கும்

அந்தக் கிளினிக்கில் இப்போது டோக்கன் கிடையாது. வாசலில் மணிக்கட்டில் மாட்டிவிடும் பட்டை வலியை அளக்கும். வலி கூடியவருக்குத்தான் கதவு முதலில் திறக்கும்.

சுருதிக்கு வயிற்றுவலி. அவள் அம்மா தமயந்திக்கோ வேலைக்கு நேரமாகிவிட்டது. துப்பட்டாவின் மறைவில் மகளின் மேல்கையைத் திருகிக் கிள்ளினாள். குழந்தை வீறிட்டது, பட்டை சிவந்தது, கதவு திறந்தது.

அடுத்து உள்ளே போகவேண்டியவர் விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "பாவம், புள்ளைய மொதல்ல கூட்டிட்டுப் போம்மா" என்று வழிவிட்டார். தமயந்தி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே டாக்டர் குனிந்து கேட்டார்: "எங்கெல்லாம் வலிக்குது கண்ணு?"

சுருதி அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். சட்டைக் கையை இழுத்து, கிள்ளிய இடத்தை மூடிக்கொண்டாள்.

"வயிறு மட்டுந்தான் டாக்டர்."