நாலு நொடி உதை

"உங்களை யாருப்பா அந்தத் தொட்டிக்குள்ள விழச் சொன்னது?"

காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள் வாலு. ஒரு காலில் ஷூ, மறு காலில் சாக்ஸ் மட்டும். பள்ளிக்கூட வேன் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வீட்டார் அவளுக்கு ஆசையாக வைத்த பெயர் வேறு. நிலைத்தது என்னவோ இதுதான்.

"டைரக்டர் சொன்னாரு, விழுந்தேன்" என்றார் அப்பா, முழங்காலில் தைலம் தேய்த்தபடி.

"விழுறதுதான் விழுந்தீங்க. திருப்பி ஒரு அடியாவது அடிச்சிட்டு விழுந்திருக்கக் கூடாதா?"

அப்பாவுக்கு சினிமாவில் சண்டை போடுவதுதான் வேலை. "எங்கப்பா ஃபைட்டர், பத்துப் பேரை ஒத்தை ஆளா பந்தாடுவாரு" என்று கண், காது, மூக்கு எல்லாம் வைத்து வகுப்பு முழுக்கப் பரப்பியிருந்தாள் வாலு. அதை நம்பித்தான் நாலு தோழிகள் அவளோடு அப்பா நடித்த புதுப் படத்துக்கு வந்தார்கள்.

கராத்தே கற்ற பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, ஊரில் உள்ள ரவுடிகளையெல்லாம் துவைத்துக் காயப்போடும் படம். மூன்று வாரமாகத் தியேட்டர் நிரம்பி வழிகிறது. இடைவேளைக்குச் சற்று முன்னால் அந்தப் பெண் எகிறி ஓர் உதை விட்டாள். அடுத்த நொடி அப்பா காற்றில் பறந்து, துணிக்கொடியை அறுத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தார். படம் முழுக்கத் தேடினாலும் அப்பா வந்தது அந்த நாலு நொடிதான். தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது. நாலு தோழிகளும்கூட.

மறுநாளிலிருந்து வகுப்பில் வாலுவுக்குப் பெயர் 'தொட்டி'.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா தலையைத் தூக்கினார். அக்கா வீட்டுக்கு வந்தால் அத்தான் காலை வாராமல் அவருக்குக் காப்பி இறங்காது.

"அத்தான், உங்களை உதைச்ச பொண்ணு ஆறு மாசம்தான் கராத்தே கத்துக்கிச்சாம். பேட்டி வந்திருக்கு. நீங்க எத்தனை வருஷம்?"

"பதினெட்டு."

"பதினெட்டு வருஷம் கத்துக்கிட்டு ஆறு மாசக் காலுகிட்ட அவுட்டா!"

"ஏன்டா, அவரு விழுந்துதான் இந்த வீட்டுல அடுப்பு எரியுது. வாயை மூடிட்டுக் காப்பியைக் குடி" என்று சமையலறையிலிருந்து அம்மா அதட்டினாள்.

வாலு சிரிக்கவில்லை. இரண்டாவது ஷூவை மாட்டிக்கொண்டே, அப்பா முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அடுத்த வாரம் ஸ்போர்ட்ஸ் டே. நீங்க வர வேணாம்பா. அம்மா மட்டும் வரட்டும்."

அப்பாவின் கை முழங்காலிலேயே நின்றுவிட்டது. மூன்று மாடி உயரத்திலிருந்து குதித்தவருக்கு அன்று வலித்த மாதிரி என்றைக்கும் வலித்ததில்லை.

"சரிம்மா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படத்தின் கதாநாயகி தியேட்டருக்கு வருவதாக போஸ்டர் ஒட்டினார்கள். போயே தீர வேண்டும் என்று வாலு ஒற்றைக் காலில் நின்றாள். அப்பா எவ்வளவோ நழுவிப் பார்த்தார், நடக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போனவர், டிக்கெட் கவுன்ட்டர் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. ஆட்டோகிராஃப் வாங்க ஆளாளுக்கு நோட்டை நீட்டினார்கள். கூட்டத்தில் புகுந்து புறப்பட்டு முன்னால் போய் நின்ற வாலுவின் கையில் நோட்டு இல்லை.

"எங்கப்பாவை எதுக்கு அப்படி ஓங்கி உதைச்சீங்க?"

சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கதாநாயகியும் சிரித்தாள்.

"உங்கப்பா யாரு பாப்பா?"

"தொட்டியில விழுந்தவரு." அதற்குமேல் வாலுவால் அடக்க முடியவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "கிளாஸ்ல எல்லாரும் கிண்டல் பண்றாங்க. பண்ணட்டும், போகட்டும். ஆனா அப்பா தினமும் முட்டியில தைலம் தேய்க்கிறாரு. நீங்க கொஞ்சம் மெதுவா உதைச்சிருக்கலாம்ல?"

கதாநாயகியின் சிரிப்பு நின்றது. வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று பெரிய போஸ்டர் தட்டிக்குப் பின்னால் போனாள். அப்பா தூணை விட்டுவிட்டுப் பதறியடித்து ஓடி வந்தார்.

"வேணாம்மா, சொல்லாதீங்க. கம்பெனிக்குத் தெரிஞ்சா வம்பு" என்றார்.

"இருங்க அண்ணே. ஊர்ல யார்கிட்ட வேணா பொய் சொல்லலாம், இவகிட்ட முடியாது." கதாநாயகி மண்டியிட்டு வாலுவின் கண்ணைத் துடைத்துவிட்டாள். "இங்க பாரு, இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சரியா? எனக்குக் கால் இடுப்புக்கு மேல எழும்பவே எழும்பாது. என் யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு, ரெட்டைச் சடை விக் வச்சு, கேமராவுக்கு முதுகைக் காட்டி எகிறி உதைச்சது உங்கப்பாதான்!"

வாலு வாயைப் பிளந்தாள். சந்தோஷம் பாதி வழி வந்ததும் எங்கேயோ கணக்கு உதைத்தது.

"அப்போ தொட்டியில விழுந்தது?"

அப்பா தலையைச் சொறிந்தார்.

"அதுவும் நான்தான்மா. காலையில சடையைக் கட்டிக்கிட்டு உதைச்சேன். மத்தியானம் மீசையை ஒட்டிக்கிட்டுப் போய் விழுந்தேன்."