தரத்தில் குறையில்லை

கீரனூர்ப் பட்டறையில் பட்டாளத்துக்கு ஸ்ட்ரெச்சர் செய்கிறார்கள். சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது சிவபிரகாஷின் வேலை. அன்று காலை முதலாளி அவனைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

“எவனோ டெல்லிக்கு மனு போட்டிருக்கான் தம்பி. ஆள் படுத்தா வெல்டிங் விட்டுப்போகுதாம். அடிபட்ட சிப்பாயைத் தூக்கிட்டு ஓடுறப்ப என்ன ஆகும்னு கேட்டிருக்கான். பேரு, ஊரு எல்லாம் பொய்.”

சிவபிரகாஷ் காகிதத்தை வாங்கிப் பார்த்தான். “டெல்லிக்குப் போட்ட மனு நம்ம கைக்கு எப்படி சார் வந்துச்சு?”

“ஒவ்வொரு ஆபீசா எறங்கி வந்து, கடைசியில நம்மகிட்டயே விளக்கம் கேட்டிருக்காங்க. எப்பவும் அப்படித்தான். ஆர்டர் வாங்கிக் குடுத்ததே மந்திரி. அவரு எனக்குச் சம்பந்தி. எவன் நம்மளத் தொடுவான்?” முதலாளி சிரித்தார். “தரத்துல குறையில்லன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டு டெல்லிக்கே அனுப்பிருங்க.”

“சார், போன தடவை அனுப்புனதுலயே நாலஞ்சு...”

“ஒங்க வீட்டம்மாவும் நம்ம ஆபீஸ்லதானே இருக்காங்க?” என்று அன்பாக விசாரித்தார் முதலாளி.

நாலு வரி எழுத அவனுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. உறையை ஒட்டி, தானே தபாலாபீசுக்கு எடுத்துப் போனான்.

கவுண்டரில் இருந்த அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“போன மாசமும் இதே டெல்லி அட்ரஸுக்குத்தானே தம்பி ஸ்பீடு போஸ்ட் போட்டீங்க?”

அவன் சில்லறையை எண்ணி வைத்தான்.

“அன்னைக்கு அனுப்புநர் இடத்துல வேற பேருல்ல எழுதியிருந்தீங்க” என்றபடியே அவர் முத்திரையைக் குத்தினார்.