காலி நாற்காலி

போலீஸ் சுட்டுச் செத்தவனின் குரலை அடையாளம் காட்ட அவனுடைய அப்பா ஆய்வகத்துக்கு வந்தார். பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

போலீஸ்காரரின் சட்டை மைக்கில் பதிவானதிலிருந்து காற்றையும் வண்டி இரைச்சலையும் ஆய்வகத்துப் பெண் ஒவ்வொன்றாக உரித்து எடுத்திருந்தாள். ‘நில்லு என்று கத்தினோம், ஓடினான்’ என்றது போலீஸ் அறிக்கை. பதிவில் கத்தலும் இல்லை, ஓட்டமும் இல்லை. அடைத்த மூக்கால் ஒருவன் மூச்சு விடுவதும், பிறகு வெடிச்சத்தமும்தான் இருந்தன.

“அவன்தாம்மா. சளி பிடிச்சா இப்படித்தான் மூக்க உறிஞ்சிக்கிட்டே இருப்பான்.”

குண்டு பட்டவுடனே உயிர் போய்விட்டதாகப் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் எழுதியிருந்தார். ஆனால் வெடிச்சத்தத்துக்குப் பிறகும் மூச்சு நிற்கவில்லை. கருவிக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். சோதித்துப் பார்க்க, யாரும் பேசாத அந்த அறையையே சற்று நேரம் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டாள்.

அதிலும் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

“உங்களுக்குச் சளியாங்கய்யா?”

“எனக்கில்லம்மா.”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“உக்காருப்பா,” என்றார். “எவ்வளவு நேரந்தான் நின்னுக்கிட்டே இருப்ப?”