காற்று வீசும் பக்கம்

“அந்த ஆளு பக்கம் திரும்பாதீங்க சார். நீங்க வர்றது தெரிஞ்சே இன்னைக்கு மருந்து கலக்குது.”

அவள் கை காட்டிய இடத்தில், உயரமாக வளர்ந்த தீவனப்புல் வரிசைக்கு அந்தப் பக்கம், முதுகில் மருந்துத் தொட்டியோடு ஒருவன் நின்றிருந்தான். இந்தப் பக்கம் அவளுடைய முட்டைக்கோஸ் வயல். இயற்கை விளைச்சல் என்று சான்றிதழ் தருவதற்காக வந்திருந்த ஆய்வாளர் குனிந்து ஓர் இலையைப் புரட்டினார். சல்லடை மாதிரி ஓட்டை.

மூன்று வருடமாக ரசாயன உரம் இல்லை, பூச்சிமருந்து இல்லை. சாணமும் மட்கிய குப்பையும் கூடை கூடையாகச் சுமந்து அவள் உச்சந்தலையில் முடி தேய்ந்துபோயிருந்தது. இன்று இவர் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ். போடாவிட்டால் பட்ட பாடெல்லாம் தெண்டம்.

“புழு நிறைய இருக்கேம்மா.”

“கையால பொறுக்கியாச்சு, பூண்டைக் கரைச்சுத் தெளிச்சாச்சு. இதுக்கு மேலயும் மிச்சம் இருக்கறது விவரமான புழு சார். அதை நான் என்ன பண்ண?”

புல்லுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. “விடியறதுக்கு முன்னாடியே டார்ச் லைட்டைத் தூக்கிட்டுப் புழு பொறுக்க ஓடுது சார். புழுவுக்கே தூக்கம் கெட்டுப்போச்சு!”

“யோவ் மருந்துக்காரா, உன் வேலையைப் பாரு!”

“அதைத்தான் பாக்கறேன் புழுக்காரி. சார், என் கோஸைப் பாருங்க, பந்து கணக்கா இருக்கு. அங்க விளையறது இதுல பாதிகூட வராது.”

“பந்தை வெச்சு விளையாடு. யாரு வேணாம்னா?”

ஆய்வாளர் வாய்க்குள் சிரித்துக்கொண்டார். போகிற இடமெல்லாம் பக்கத்து வயல் சண்டை அவருக்குப் பழகிப்போனது.

“ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. இயற்கைக் காயில சத்து ரொம்ப ஜாஸ்தின்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்மா. மருந்து மிச்சம் கம்மியா இருக்கும், மண்ணு கெடாது. அவ்வளவுதான் சொல்லுவேன்.”

“நல்லாக் கேட்டுக்க!” என்றான் அவன்.

ஆய்வாளர் அவன் பக்கம் திரும்பினார். “நீங்களும்தான் சொல்லுங்க. மருந்து அடிச்ச கையோட அறுத்துச் சந்தைக்கு அனுப்பிடறீங்களா?”

அவன் முகம் சுண்டிப்போனது. “மருந்து டப்பாவுல போட்டிருக்கற கெடு நாள் முடியாம ஒரு காயில கத்தி வெக்க மாட்டேன் சார். ஊருக்கு விஷம் விக்கற பொழப்பு எனக்கு வேணாம்.”

“அது நெசம்தான் சார்,” என்றாள் அவள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. “மழை வந்து கோஸ் வெடிச்சாக்கூட அறுக்காது. மத்தபடி ஆளு சரியில்ல.”

ஆய்வாளர் ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்தார். மண்புழு ஒன்று விரலிடுக்கில் நெளிந்தது. அவர் முகம் மலர்ந்தது. பிறகு கைக்குட்டையை உதறி உயர்த்திப் பிடித்தார். அது அவன் பக்கமிருந்து அவள் பக்கமாகப் பறந்தது.

“எல்லாம் சரியா இருக்கும்மா. ஒண்ணுதான் இடிக்குது. இந்தக் காத்துக்கு உங்க புல்லு மறைப்பு மட்டும் போதாது. இந்தப் பக்கம் காத்து வீசறப்ப மருந்து அடிக்க மாட்டேன்னு அவர் ஒத்துக்கணும். இல்லன்னா நான் கையெழுத்துப் போட முடியாது.”

அவள் முகம் தொங்கிப்போனது. “அதுகிட்டப் போய் நான் கேக்கணுமா?”

“வேற வழியில்லம்மா.”

“ஏசறதோட சரி. ஒண்ணு வேணும்னு கேட்டு மூணு வருஷம் ஆச்சு சார்.”

வயலை ஒருமுறை முழுக்கப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புல் வரிசை வரை போனாள்.

“சார் சொன்னது காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு.”

“ஒத்துக்கறியா, இல்லையா?”

அவன் தொட்டியை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். “ஒத்துக்கறேன். ஆனா ஒரு கண்டிஷன்.”

ஆய்வாளர் பெருமூச்சு விட்டார். தண்ணீரில் பங்கு கேட்பான், இல்லையென்றால் வரப்பை ஓர் அடி தள்ளிப் போடச் சொல்வான். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்.

“சார் முன்னாடியே சொல்லிடறேன்,” என்றான் அவன். “மூணு வருஷமா கூடத்துல கட்டாந்தரையில படுத்து முதுகு போச்சு. இன்னையிலேர்ந்து எனக்குக் கட்டில்ல இடம் வேணும்.”

அவள் சட்டென்று புல்லுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள். “வெளியாள் எதிர்ல பேசற பேச்சா இது? போ, மருந்து வாடை போகத் தேய்ச்சுக் குளிச்சுட்டு வா, பாக்கலாம்.”